சிறு வழக்கின் தீர்ப்பும் தீர்ப்பே

இந்தியச் சட்டத்தில் சிறு வழக்குத் தீர்ப்புகள் எப்போது செல்லும், எவரைக் கட்டுப்படுத்தும்?

தொகை சிறிது என்றால் வழக்கும் சிறிது, வழக்குச் சிறிது என்றால் தீர்ப்பும் சிறிது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணத்தினால் இரு சாராருக்கும் தீங்கு விளைகின்றது. வழக்கில் வென்ற ஏழை, கையிற் கிடைத்த தீர்ப்பை வெறும் கடதாசி என்று நினைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலத்தைப் போக்குகிறார். தோற்றவரோ, "சின்னக் கோட்டுத் தீர்ப்புத்தானே" என்று அலட்சியமாய் இருந்து, ஈற்றில் நீதிமன்ற ஊழியர் வாசலில் வந்து நிற்கும்போது கலங்குகிறார்.

எமது குடும்பங்கள் பலவற்றின் உறவினர் 1983 ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டிலே குடியமர்ந்து வாழ்ந்து வருகின்றனர். வீட்டு முற்பணம், கைமாற்று, சீட்டுப் பணம், செய்த வேலைக்குக் கூலி என்பன பற்றிய பிணக்குகள் அவர்களுக்கும் வரவே செய்யும். ஆகையால் இந்தியச் சட்டம் இத்தகைய சிறு வழக்குகளை எப்படி நடத்துகின்றது என்பதை இன்று ஒரு பாடமாகக் கற்றறிவோம்.

பாடம் விளங்குவதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைத் தாய்க்கு, ஆடைக் கடை முதலாளி ஒருவர் 4,500 ரூபா கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. கேட்டும் கொடுக்கவில்லை. அவ்விடத்துச் சிறு வழக்கு நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய தொகை இது என்று வைத்துக்கொள்வோம். தாய் வழக்கு வைக்கிறார். அவர் பெறும் தீர்ப்பு எப்போது உறுதியுடையதாகும்?

இம்மன்றுகள் எவை?

இந்தியாவில் இதற்கான சட்டங்கள் பழையவை. சென்னை, பம்பாய், கல்கத்தா என்னும் மூன்று மாநகர்களுக்காக 1882 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், ஏனைய இடங்களுக்காக 1887 ஆம் ஆண்டில் மாகாணச் சிறு வழக்கு நீதிமன்றச் சட்டமும் இயற்றப்பட்டன. 1887 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூல வாசகப்படி 500 ரூபாவுக்கு மேற்படாத வழக்குகளே இம்மன்றுக்கு உரியவை. அரசு விரும்பினால் அதனை 1,000 ரூபா வரை உயர்த்தலாம். காலப்போக்கில் மாநிலங்கள் தத்தம் திருத்தச் சட்டங்களினால் இவ்வரம்பை உயர்த்தியுள்ளன. ஆதலால் வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தனி மன்று இல்லாத இடங்களிற் சாதாரண குடியியல் நீதிபதி ஒருவருக்கே சிறு வழக்கு அதிகாரம் அளிக்கப்படுவதும் உண்டு.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நாம் வழக்காளி, எதிராளி என்பவர்களை அங்கே வாதி, பிரதிவாதி என்பர். உயர் நீதிமன்றம் என்றால் அங்கே மாநிலத்தின் மேலான மன்று. நாடு முழுவதற்கும் மேலானது டில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம். நீதிபதி தமது முடிவுக்கான காரணங்களைக் கூறுவது தீர்ப்பு. அதன் பயனாக இன்னார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று முறைப்படி வரையப்படுவது தீர்ப்பாணை. நிறைவேற்றப்படுவது தீர்ப்பாணையே.

இனி, ஒரு தீர்ப்புக்கு உறுதி தருகின்ற நான்கு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: விசாரிக்கும் உரிமை

எந்த மன்றும் தனக்குச் சட்டம் கொடுத்த வழக்கையே விசாரிக்கலாம். இதனை நியாயாதிக்கம் என்பர். நியாயாதிக்கத்துக்கு மூன்று பக்கங்கள் உண்டு: வழக்கின் தன்மை, தொகை, இடம்.

வழக்கின் தன்மையே இம்மூன்றிலும் முக்கியமானது. 1887 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சிறு வழக்கு நீதிமன்றம் தொடக்கூடாத வழக்குகளை நிரற்படுத்துகின்றது. காணி, வீடு முதலிய அசையாச் சொத்தின் உடைமையைக் கோரும் வழக்கு, உரிமையைப் பிரகடனஞ் செய்யக் கோரும் வழக்கு, பங்குடைமை வியாபாரத்தைக் கலைக்கும் வழக்கு, விவாகரத்து, பிள்ளையின் பாதுகாப்பு, தாபரிப்புப் பணம், மானநட்டம் ஆகியன இப்பட்டியலிற் சேர்ந்தவை. மாநிலத் திருத்தங்களும் தனிச் சட்டங்களும் இதில் மாற்றங்கள் செய்துள்ளன. பம்பாயில் வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக் குடியிருப்பாளருக்கும் இடையிலான வழக்குகள் சிறு வழக்கு நீதிமன்றத்திலேயே நடைபெறுகின்றன. எனவே தமது இடத்துச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிவது அவசியம்.

பணம் கேட்டு வைத்த வழக்கின் நடுவே காணி உரிமைப் பிணக்கு ஒன்று தலைகாட்டினால் என்ன செய்வது? வழக்காளியின் கோரிக்கை அவ்வுரிமை நிரூபிக்கப்படுவதிலேயே தங்கியிருந்தால், மன்று வழக்கின் எந்தக் கட்டத்திலும் முறைப்பாட்டைத் திருப்பிக் கொடுத்து, உரிமையைத் தீர்க்கவல்ல மன்றுக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். அச்சட்டத்தின் 23 ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கின்றது.

தன்மையினால் உரிமையில்லாத மன்று கொடுத்த தீர்ப்புக்கு உயிர் இல்லை. உரிமையில்லாத மன்று கொடுத்த தீர்ப்பாணை தொடக்கத்திலிருந்தே வெறுமையானது என்றும், அதனை நிறைவேற்ற முயலும் வேளையிற்கூட எதிர்க்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1954 ஆம் ஆண்டிலே தெளிவாக்கியது. இரு கட்சியினரும் சம்மதித்தாலும் இல்லாத உரிமை மன்றுக்கு உண்டாகாது.

இடமும் தொகையும் அப்படியல்ல. எதிராளி வசிக்கும் இடத்தில் அல்லது தொழில் செய்யும் இடத்தில் அல்லது பிணக்கு எழுந்த இடத்தில் வழக்கு வைக்கலாம். இது தவறான ஊர் என்றோ தொகை வரம்பை மீறியது என்றோ எதிராளி கருதினால் அதனை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை வாளாவிருந்து, தோற்ற பின்பு அக்குறையைக் கிளப்பினால், அதனால் நீதி பிழைத்ததென்று காட்டினாலன்றி மேல்மன்று செவிசாய்க்காது.

இரண்டாவது: அறிவித்தலும் கேட்கப்படும் வாய்ப்பும்

ஒருவர் சொல்வதைக் கேளாமல் அவர்மேல் தீர்ப்புச் சொல்லலாகாது. இது எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் முந்திய நீதி. ஆகையால் அழைப்பாணை முறைப்படி எதிராளிக்குச் சேர்ந்திருக்க வேண்டும். வழக்கு வைப்பதற்கு முன்னரே இறந்துபோன ஒருவர்மேல் பெறப்பட்ட தீர்ப்பாணை செல்லாது. 18 வயது நிரம்பாத பிள்ளைமேல் வழக்கு வைத்தால் அப்பிள்ளைக்காக வாதாட ஒரு காப்பாளரை மன்று நியமிக்க வேண்டும்.

கேட்கப்படுவதற்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். எதிராளி வந்தே தீரவேண்டும் என்பதல்ல. எமது உதாரணத்தில் ஆடைக் கடை முதலாளி அழைப்பாணையைக் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டு, குறித்த நாளில் மன்றுக்கு வராமல் இருந்துவிட்டார் என்று கொள்வோம். மன்று தாயின் சாட்சியத்தைக் கேட்டு ஒருதலைத் தீர்ப்பாணை கொடுக்கலாம். ஒருதலைத் தீர்ப்பாணையும், இரு பக்கமும் வாதாடிப் பெற்ற தீர்ப்பாணையைப் போலவே கட்டுப்படுத்தும். வராமல் இருந்தவர், "நான் இல்லாமல் கொடுத்த தீர்ப்பு, ஆகையால் என்னைக் கட்டாது" என்று சொல்ல முடியாது.

அதனை நீக்குவதற்கு ஒரு வழி உண்டு. அழைப்பாணை முறைப்படி சேரவில்லை என்றோ, வர முடியாமைக்குத் தக்க காரணம் இருந்தது என்றோ காட்டி விண்ணப்பிக்கலாம். இதற்குத் தவணை 30 நாட்கள். அந்நாட்கள் தீர்ப்பாணை கொடுக்கப்பட்ட தினத்திலிருந்து எண்ணப்படும். அழைப்பாணையே சேராதவருக்குத் தீர்ப்பாணை பற்றி அறிந்த தினத்திலிருந்து எண்ணப்படும்.

இங்கே ஒரு முக்கியமான விதியைக் கவனிக்க வேண்டும். 1887 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இவ்வாறு விண்ணப்பிப்பவர், தீர்ப்பாணைப்படி செலுத்த வேண்டிய பணத்தை மன்றிற் கட்ட வேண்டும். அல்லது மன்று அனுமதிக்கும் பிணையைக் கொடுக்க வேண்டும். இதனைச் செய்தாக வேண்டும், விட்டுவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. வழக்கை இழுத்தடிப்பதற்காகவே ஒளிந்திருப்பவர்களிடமிருந்து எளியவரைக் காப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு இது. அழைப்பாணை வந்தால் கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவு மதியீனம் என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது: தீர்ப்புரைக்கும் முறை

தீர்ப்பைத் திறந்த மன்றிலே உரைக்க வேண்டும். நீதிபதி திகதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஒப்பமிட்ட பின் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை முதலியவற்றைத் திருத்தலாமேயன்றி, சட்டம் வகுத்த மறுபரிசீலனை வழியாகவன்றி முடிவை மாற்ற முடியாது.

சாதாரண குடியியல் மன்றின் தீர்ப்பில் வழக்கின் சுருக்கம், தீர்க்க வேண்டிய வினாக்கள், அவற்றின் முடிவு, முடிவுக்குக் காரணம் ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். ஆனால் சிறு வழக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பில் தீர்க்க வேண்டிய வினாக்களும் அவற்றின் முடிவும் இருந்தாற் போதும் என்று 1908 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டம், 20 ஆம் கட்டளை, 4 ஆம் விதி கூறுகின்றது. எனவே தாயின் கையிலுள்ள தீர்ப்பு அரைப்பக்கமே உள்ளது என்பதனால் அது செல்லாததாகிவிடாது. சுருக்கமாக எழுதுவதற்குச் சட்டமே இடங்கொடுத்திருக்கிறது.

ஆயினும் சுருக்கம் வேறு, வெறுமை வேறு. "வழக்காளிக்குச் சாதகமாகத் தீர்த்தேன்" என்ற ஒரே வரி போதாது. முதலாளி வேலையைப் பெற்றாரா, கூலி எவ்வளவு, எவ்வளவு கொடுபட்டது, மீதி எவ்வளவு என்ற வினாக்களும், ஒவ்வொன்றுக்கும் நீதிபதி கண்ட விடையும் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது: இறுதித்தன்மை

சிறு வழக்குகள் விரைவாக முடிய வேண்டும் என்பதே இச்சட்டங்களின் நோக்கம். 4,500 ரூபாவுக்காக ஒரு தாய் மன்றுக்கு மேல் மன்று ஏறித் திரிந்தால் பஸ் செலவே தொகையைத் தின்றுவிடும். ஆதலால் 1887 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, அச்சட்டம் வேறுவிதமாக ஏற்பாடு செய்தாலன்றி, இம்மன்றின் தீர்ப்பாணை இறுதியானது என்று கூறுகின்றது. சாதாரண மேன்முறையீடு கிடையாது.

அதற்காகத் தவறு நேர்ந்தால் திருத்த வழியே இல்லை என்பதல்ல. தீர்ப்பாணை சட்டப்படி கொடுக்கப்பட்டதா என்பதை அறிவதற்கு உயர் நீதிமன்றம் வழக்கேட்டை வரவழைத்துப் பார்க்கலாம். இதற்குச் சீராய்வு என்று பெயர். உத்தரப் பிரதேசம் போன்ற இடத்தில் இவ்வதிகாரம் மாவட்ட நீதிபதிக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. சாட்சியை மீண்டும் எடைபோட்டு வேறு முடிவுக்கு வருவது சீராய்வின் வேலையன்று. சட்டம் பிழைத்ததா என்று பார்ப்பதே அதன் வேலை. 1882 ஆம் ஆண்டு மாநகர்ச் சட்டத்தின்கீழ் எதிர்த்து நடத்தப்பட்ட வழக்கிற் புதிய விசாரணை கேட்டுத் தீர்ப்பாணைத் தினத்திலிருந்து 8 நாட்களுக்குள் அதே மன்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

அதே வகையான சிறு வழக்கு ஒன்று சாதாரண குடியியல் மன்றில் விசாரிக்கப்பட்டிருந்தால், அதன் பெறுமதி 10,000 ரூபாவுக்கு மேற்படாதவிடத்துச் சட்டப் பிரச்சினை ஒன்றின் மேல் மட்டுமே மேன்முறையீடு செய்யலாம். 25,000 ரூபாவுக்கு மேற்படாத பணத்தை அறவிடும் வழக்கில் இரண்டாம் மேன்முறையீடு இல்லை.

தவறான தீர்ப்பும் செல்லாத தீர்ப்பும்

பாடத்தின் மையம் இதுவே. தவறான தீர்ப்பு வேறு. செல்லாத தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனாலேயே பலர் இடருறுகின்றனர்.

கூலி, கைமாற்று முதலியவற்றைக் கேட்டு வழக்கு வைப்பதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை உண்டு. தவணை தவறிய வழக்கை, எதிராளி சுட்டிக்காட்டாவிட்டாலும், மன்று தள்ளுபடி செய்ய வேண்டும். ஒரு நீதிபதி அதனைக் கவனியாது தீர்ப்பளித்துவிட்டார் என்று கொள்வோம். அத்தீர்ப்புத் தவறானது. ஆனால் செல்லாததல்ல. வழக்கை விசாரிக்கும் உரிமை பெற்ற மன்று சரியாகவும் தீர்க்கலாம், பிழையாகவும் தீர்க்கலாம். பிழையை உரிய வழியில், உரிய காலத்துக்குள் திருத்திக்கொள்ளும்வரை அது கட்டுப்படுத்தும் என்று 1963 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நிறைவேற்றும் மன்று தீர்ப்பாணையின் பின்னாற் சென்று அது நியாயமா என்று ஆராய்வதில்லை.

மாறாக, உரிமையில்லாத மன்று கொடுத்ததும், இறந்தவர்மேற் பெற்றதும் செல்லாதவை. மோசடியினாற் பெற்ற தீர்ப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. முக்கியமான பத்திரத்தை ஒளித்து வைத்து மன்றை ஏமாற்றிப் பெற்ற தீர்ப்பு, எந்த மன்று கொடுத்ததாயினும் வெறுமையானது என்று 1993 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. தாய் ஏற்கெனவே 2,000 ரூபா பெற்றுக்கொண்டு அதற்கான பற்றுச்சீட்டை மறைத்து முழுத் தொகைக்கும் தீர்ப்புப் பெற்றிருந்தால், வென்றவர் என்ற பெருமை அவரைக் காக்காது. ஏழை என்பதற்காகப் பொய்க்குச் சலுகை இல்லை.

யாரைக் கட்டுப்படுத்தும்? எதுவரை கட்டுப்படுத்தும்?

தீர்ப்பு வழக்கின் கட்சிக்காரரையும் அவர்கள் வழியாக உரிமை பெறுவோரையும் கட்டுப்படுத்தும். வழக்கிற் சேராத அயலவரையோ வேறு கடன்காரரையோ கட்டுப்படுத்தாது. தீர்ப்புக்குப் பின் கடன்பட்டவர் இறந்தால், அவருடைய வாரிசுகள் அவரிடமிருந்து தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். தந்தையின் கடனுக்காக மகனின் சொந்த உழைப்பைப் பறிக்க முடியாது.

ஒருமுறை தீர்ந்த பிணக்கை அதே கட்சிக்காரர் மீண்டும் கிளப்பவும் முடியாது. இதனை முன்தீர்ப்புத் தடை என்பர். சிறிய மன்று தீர்த்த பிணக்கை, அம்மன்று விசாரிக்க முடியாத பெரிய வழக்கொன்றிற் புதிதாய் எழுப்பலாமா என்ற ஐயம் முன்னர் இருந்தது. 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைத் தீர்த்து வைத்தது. தனக்கு உரிய பிணக்கை ஒரு சிறு மன்று கேட்டு இறுதியாகத் தீர்த்திருந்தால், பின்வரும் பெரிய வழக்கிலும் அம்முடிவு கட்டுப்படுத்தும்.

ஆனால் தனக்கு உரியதல்லாத பிணக்கை அம்மன்று இடையிலே தொட்டுச் சென்றிருந்தால் அது இறுதியாகாது. வீட்டு வாடகைப் பணம் கேட்ட வழக்கில், "இவரே வீட்டுக்காரர் போலும்" என்று நீதிபதி கூறியிருந்தாலும், வீட்டின் உரிமை பற்றிய தனி வழக்கில் அது முடிவான தீர்ப்பாகாது. வாடகை வழக்கில் வென்றவர் காணி உறுதியே கிடைத்துவிட்டதாக மகிழவும் வேண்டியதில்லை. தோற்றவர் காணி போய்விட்டதாக அழவும் வேண்டியதில்லை.

தீர்ப்பைப் பணமாக்குவது எப்படி?

தீர்ப்புக் கிடைத்ததும் பணம் தானாக வந்துவிடாது. கடன்பட்டவர் கொடுக்காவிட்டால், வென்றவர் நிறைவேற்றல் மனுக் கொடுக்க வேண்டும். இதற்குத் தவணை 12 ஆண்டுகள். தவணை நீண்டது என்பதற்காகத் தாமதிப்பது புத்தியன்று; ஆள் ஊர் மாறுவார், கடை கைமாறும். எமது நாட்டிற் பிஸ்கால் உத்தியோகத்தர் செய்யும் வேலையைத் தமிழ்நாட்டில் அமீனா செய்வார். அவர் மன்றின் கட்டளையுடன் சென்று அசையும் பொருட்களைக் கைப்பற்றுவார். இதனை அங்கே ஜப்தி என்பர். அசையாச் சொத்தின் மேற் கைவைக்கச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அது தேவைப்பட்டால் தீர்ப்பாணையைச் சாதாரண குடியியல் மன்றுக்கு மாற்றுவித்து நிறைவேற்ற வேண்டும்.

கட்டுப்படுத்தும் தீர்ப்பு என்பதனால் கடன்பட்டவரை நசுக்கலாம் என்பது பொருளன்று. நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு சில பொருட்களைத் தொடக்கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறது. கடன்பட்டவரும் மனைவி மக்களும் உடுக்கும் உடை, சமையற் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, கமக்காரனின் ஏர் முதலியன இவற்றுட் சில. சமய வழக்கப்படி ஒரு பெண் தன்னை விட்டுப் பிரிக்கக்கூடாத அணியும் இதில் அடங்கும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாவும், மிகுதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடப்படமாட்டா.

சிறையில் இடலாமா என்று கேட்போர் உண்டு. 2,000 ரூபாவுக்கு மேற்படாத தீர்ப்பாணைக்குச் சிறையே இல்லை. 2,000 ரூபாவுக்கு மேல் 5,000 ரூபா வரைக்கும் ஆறு வாரங்களுக்கு மேற்படாமலும், 5,000 ரூபாவுக்கு மேற்பட்டால் மூன்று மாதங்களுக்கு மேற்படாமலும் குடியியற் சிறையில் வைக்கலாம். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. இவ்வதிகாரமும் ஏழ்மையைத் தண்டிப்பதற்கு உரியதல்ல. 1980 ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில், கொடுக்க வழியில்லாதவரை வெறுங் கடனுக்காகச் சிறையிடுவது அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரைக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கொடுக்க வசதியிருந்தும் தீய எண்ணத்தோடு மறுப்பவருக்கே சிறை.

கடன்பட்டவருக்கு ஓர் எச்சரிக்கை. தீர்ப்பாணைக்குப் பின் மன்றுக்கு வெளியே பணம் கொடுத்தால், அதனை மன்றிற் பதிவு செய்விக்க வேண்டும். பதியாத கொடுப்பனவை நிறைவேற்றும் மன்று கணக்கில் எடாது. வாய்ச்சொல்லை நம்பி இரட்டிப்பாய்ச் செலுத்தியோர் உளர். தவணை முறையிற் கட்ட விரும்புபவர், தீர்ப்பாணை எழுதப்படும் வேளையிலேயே அதனைக் கேட்க வேண்டும். பிற்பாடு என்றால் வென்றவரின் சம்மதம் தேவை.

இணக்கமும் கிராம மன்றும்

சிறு பிணக்குகளைத் தீர்க்க வேறு வழிகளும் உள. சட்டப் பணிகள் அதிகாரச் சபைகள் சட்டம் 1987 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1995 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் நடைபெறும் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் இரு கட்சியினரும் இணங்கினால், அவ்விணக்கம் குடியியல் மன்றின் தீர்ப்பாணைக்குச் சமமாகும். அதன்மேல் மேன்முறையீடு இல்லை. மன்றிலிருந்து அங்கே சென்ற வழக்கானால் கட்டிய கட்டணமும் திருப்பிக் கொடுபடும். ஆனால் இணக்கமே அதன் உயிர். ஒரு கட்சி இணங்காதபோது லோக் அதாலத் தானாக முடிவு கூற முடியாது என்று 2008 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே வாசித்து விளங்காமல் அங்கே ஒப்பமிடலாகாது. ஒப்பமிட்ட பின் மேன்முறையீட்டுக் கதவு திறவாது. இதே சட்டத்தின்படி பெண்கள், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறலாம். எமது உதாரணத் தாய் வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

2008 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கிராம நியாயாலயச் சட்டம் 2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எல்லா மாநிலங்களும் இவற்றை அமைக்கவில்லை. அமைத்த இடங்களில் நீதிபதி ஊர்களுக்குச் சென்றே விசாரிக்கலாம். அவருடைய குடியியல் தீர்ப்பின் மேல் 30 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றுக்கு மேன்முறையீடு செய்யலாம். 1,000 ரூபாவுக்கு மேற்படாத வழக்கில் அதுவும் இல்லை.

இவற்றுக்குப் புறம்பாக, ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சொல்லும் முடிவும், "கட்டைப் பஞ்சாயத்து" என்று பேர்பெற்ற கூட்டத்தாரின் கட்டளையும் தீர்ப்பல்ல. நல்லெண்ணத்தோடு பெரியவர்கள் செய்துவைக்கும் சமரசம் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் பேரில் ஒருவரின் வண்டியையோ நகையையோ பறிக்க எவருக்கும் உரிமை இல்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மன்றுக்கு வழக்கின் தன்மையால் விசாரிக்கும் உரிமை இருந்ததா?

2. எதிராளிக்கு முறைப்படி அழைப்பாணை சேர்ந்ததா?

3. தீர்க்க வேண்டிய வினாக்களும் முடிவும் எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டு, திறந்த மன்றில் உரைக்கப்பட்டதா?

4. திருத்தம் கேட்கும் தவணை கடந்துவிட்டதா, அல்லது கேட்ட திருத்தம் மறுக்கப்பட்டதா?

இந்நான்குக்கும் விடை "ஆம்" என்றால், தொகை 400 ரூபாவாயினும் அத்தீர்ப்பு அசையாது. முதல் இரண்டில் ஒன்று பிழைத்தால் அத்தீர்ப்பு எதிர்ப்புக்கு உள்ளாகும். விசாரிக்கும் உரிமையே இல்லாவிட்டால் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் அது நில்லாது.

குடும்பமாகச் சிந்திக்கச் சில வினாக்கள்

அழைப்பாணை ஒன்று எமது வீட்டுக்கு வந்தால் முதலிற் செய்ய வேண்டியது என்ன? கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு எம்மிடம் எழுத்து ஏதும் உண்டா? தீர்ப்புப் பணத்தைக் கொடுத்து முடித்தபோது அதனைப் பதிவு செய்வித்தோமா? இந்தியாவில் வாழும் உறவினருக்கு எழுதும்போது இவற்றையும் அறிவித்தால், அவர்களுள் ஒருவரேனும் வீண் இழப்பிலிருந்து தப்பக்கூடும்.